ஒரே வார்த்தை

"சிக்னிஃபிகன்ட்டா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்." ஓபியிலிருந்து சிஸ்டர் லேபுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"இல்லை சிஸ்டர்" என்றேன்.

பிளேட் அப்போது என் கையில்தான் இருந்தது. ஐந்து மாதக் கர்ப்பிணியின் சிறுநீர்க் கல்ச்சர், கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. ரத்தம் கலந்த வளர்ப்புக் கூழான பிளட் அகாரில் பத்துப் பன்னிரண்டு சாம்பல் நிறக் கிருமிக் காலனிகள். வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வளையம். சிறுநீரைத் தொட்டெடுக்கும் லூப் எடுப்பது ஒரு மைக்ரோலிட்டர், மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியென்றால் மில்லிக்குப் பத்தாயிரம் சொச்சம். சிக்னிஃபிகன்ட், அதாவது தொற்று என்று சொல்வதற்கான லட்சத்தைத் தொடவில்லை. பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றக்கூடிய குரூப் பி ஸ்ட்ரெப் கிருமியாக இருக்கலாம் என்று மனதில் ஓடியது. அதை அடையாளம் காட்டும் கேம்ப் டெஸ்ட் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். போடவில்லை.

நாலு மாதம் கழித்து, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தையின் ரத்தக் கல்ச்சர் வந்தது. சீட்டில் 'மூச்சு வாங்குகிறது' என்று எழுதியிருந்தது. இந்த முறை கேம்ப் போட்டேன், அந்தக் கிருமியைக் காட்டும் அம்புமுனை வடிவம் பளிச்சென்று தெரிந்தது. தாயின் பெயரைப் பார்த்ததும் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினேன். குழந்தை பத்து நாள் ஊசிக்குப் பிறகு நல்லபடியாக வீட்டுக்குப் போனது.

லட்சம் என்ற கணக்கு சிறுநீர்த் தொற்றுக்கு உரியது. கர்ப்பிணியிடம் இந்தக் கிருமி இருந்தால், லட்சத்தைத் தொடாவிட்டாலும் இப்படிப் பத்தாயிரம் இருந்தாலே ரிப்போர்ட்டில் வர வேண்டும். அவ்வளவு குறைவுக்கு மாத்திரை வேண்டாம். கொடுத்தாலும் குடலிலிருந்து திரும்ப வந்துவிடும். பிரசவ வலி தொடங்கியதும் பென்சிலின் ஊசி, குழந்தை பிறக்க நாலு மணி நேரமாவது முன்பு. அதற்குத் தாயின் புத்தகத்தில் ஒரு வரி வேண்டும். அந்த வரியை நான் கொடுக்கவில்லை.

கொடுத்திருந்தாலும்? அவர் வந்து ஒன்றரை மணி நேரத்தில் பிரசவம் ஆகிவிட்டது என்றார்கள். நாலு மணி நேரம் எங்கே கிடைத்திருக்கும்? ஊசி போடாவிட்டாலும் இந்தக் கிருமியுள்ள தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டுக்குத்தான் நோய் வரும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் ஆறுதல். ஆனால் அந்த வரி இருந்திருந்தால், "வலி எடுத்ததும் உடனே வந்துடும்மா" என்று யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்களே.

இப்போதெல்லாம் எண்ணிக்கை எதுவானாலும் எழுதிவிடுகிறேன். போன வாரம் அதே சிஸ்டர் கூப்பிட்டார். "நீங்க எழுதுறதைப் பார்த்து எல்லாருக்கும் மாத்திரை எழுதிடறாங்க சார். ஒரு பொண்ணுக்கு வயித்துப்போக்கு நிக்கவே இல்லை."

"மாத்திரை வேண்டாம்னும் சேர்த்து எழுதட்டுமா சிஸ்டர்?"

"அதைச் சொல்ல லேப் யாருன்னு கேப்பாங்க சார்."