பெயின்ட் பக்கெட்டும் கரன்ட் ஏறுன புகையும்

ஜூலை 6, சனி

காலைல தூறல்லயே பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைங்களுக்குப் போயிட்டு வந்தேன். ஊசி முனை வழியா காத்துல நெகட்டிவ் சார்ஜ் விடுற நெகட்டிவ் அயான் மாட்யூல் ஒண்ணு, காலேஜ் லேப்ல எல்லாரும் கருக்குன பிஎஃப்டபிள்யூ10ங்கிற டிரான்சிஸ்டர் ரெண்டு. ஏர் பியூரிஃபயர் ரிப்பேரானு கடைக்காரர் கேட்டாரு, ஆமான்னுட்டேன், புகை வளையத்துக்கு கரன்ட் ஏத்தப் போறேன்னு என் அரைகுறை கன்னடத்துல எப்படிச் சொல்றது.

சாயங்காலம் பெயின்ட் பக்கெட் அடியில ஒரு ஓட்டை, வாய்ல பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டி, உள்ள சாம்பிராணிப் புகை. தட்டுனா வளையம் ஹால்ல இருந்து கிச்சன் வாசல் வரைக்கும் குலையாம போகுது! "வெள்ளிக்கிழமை போட வேண்டியதை சனிக்கிழமை பக்கெட்டுக்குப் போடுறான் பாரு"ன்னு அம்மா.

ஜூலை 10, புதன்

ஆபீஸ்ல ஒருத்தன் "பிளாஸ்மா கன்னாடா?"ன்னான். இல்லப்பா. அது 1990கள் தொடக்கத்துல அமெரிக்க விமானப்படை நியூ மெக்சிகோவுல பண்ணது, பேரு மாராடர், ஷிவா ஸ்டார்னு சார்ஜைச் சேத்து வைக்கிற ராட்சச கெபாசிட்டர் பேங்க்ல இருந்து கரன்ட்டை ஒரே அடியா விட்டு பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான் பிரிஞ்சு நிக்கிற சூடான வாயு, அதோட வளையத்தைத் தள்ளுனாங்க, அதுவும் வெற்றிடத்துக்குள்ள. சாதாரண காத்துல பிளாஸ்மா சட்டுன்னு ஆறிடும், பிரிஞ்ச எலக்ட்ரானும் அயானும் திரும்ப ஒட்டிக்கும். நம்மது வேற கதை, புகைத்துகள் மேல சார்ஜ் உக்காந்துட்டா அவ்ளோ சீக்கிரம் இறங்காது, வளையம் அதைச் சுருட்டித் தூக்கிட்டுப் போகும். அதான் என் கணக்கு.

வெறும் புகை வளையம்னா 1867லயே எடின்பரோவுல டெய்ட்ங்கிற இயற்பியல் பேராசிரியர் பெட்டி வெச்சு விட்டுக் காட்டிருக்காரு, அதைப் பார்த்துட்டு விஞ்ஞானி கெல்வின் அணுவே இப்படி ஒரு சுழல் வளையம்தான்னு கிளம்பிட்டாரு. தப்புதான், ஆனா பக்கெட்டைத் தட்டிப் பார்த்தவனுக்கு அவர் மேல கோவம் வராது.

ஜூலை 13, சனி

சார்ஜ் வந்துச்சான்னு காட்டுற டிடெக்டர் ரெடி. 9 வோல்ட் பேட்டரி, ரெசிஸ்டர், எல்இடி, பிஎஃப்டபிள்யூ10, அதோட கேட் கால்ல (கரன்ட்டைக் கூட்டிக் குறைக்கிற கால்) தொங்குற ஃபாயில் துண்டு. நெகட்டிவ் சார்ஜ் வந்தா எல்இடி மங்கணும். பக்கெட் ஓட்டைக்கு உள்பக்கம் மாட்யூலோட ஊசி. 4 அடி தள்ளி ஃபாயில்.

தட்டுனேன், வளையம் போய் மோதுச்சு, எல்இடி பொசுக்குனு மங்குச்சு. துள்ளிக் குதிச்சுட்டேன். அக்கா பொண்ணு பக்கத்துல நின்னு, "மாமா, நீ ஸ்விட்சே போடலயே"ங்கிறா.

போடல. ஷீட்டை இழுத்து இழுத்துத் தட்டுனதுல அதுவே சார்ஜ் ஆயிருக்கு, பலூனைத் தலையில தேய்க்கிற மாதிரி. பிளஸ்டூ பாடம். மானம் போச்சு.

ஜூலை 14, ஞாயிறு

ஷீட்டுக்கு வெளிய ஃபாயில் ஒட்டி எர்த் பண்ணேன். மொதல்ல தண்ணிக் குழாய்ல கட்டுனேன், அது பிவிசி, அப்புறம்தான் உறைச்சுது! கடைசியா ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் போட்டு பிளக் எர்த்துக்கு. அக்கா பொண்ணை மாட்யூல் ஸ்விட்ச் பக்கம் உக்கார வெச்சு, போட்டியா இல்லயான்னு எங்கிட்ட சொல்லாதன்னேன், மங்குச்சா இல்லயான்னு நான் மட்டும் நோட்டுல எழுதுனேன். ஆன்ல 10க்கு 7 மங்கல், ஆஃப்ல 10க்கு 1. ஒவ்வொரு தடவையும் கேட் காலை விரலால தொட்டாத்தான் எல்இடி பழைய வெளிச்சத்துக்கு வருது.

மதியம் மழை பிடிச்சுது, அதுக்கப்புறம் ஆன்லயும் 2தான். ஈரத்துல சார்ஜ் எங்கெங்கயோ கசியுது போல. அக்காகிட்ட ஹேர் டிரையர் கேட்டிருக்கேன், எதுக்குன்னு கேக்கறா.