களிமண் ஒட்டிய தராசு

ஞாயிற்றுக்கிழமை ஃப்ளாக் ஊர்ச் சந்தையில் நின்ற பிள்ளைகளைத் திங்கள் காலையில் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். கண்ணில் தூக்கம் மிச்சமிருக்கும், விரல் நுனியில் கீரைக் கறை போயிருக்காது. கடை போட்டிருக்கும் தாத்தா பாட்டிக்கு ஒத்தாசையாக விடிவதற்கு முன்பே எழுந்து போனவர்கள் அவர்கள்.

மொரீஷியஸின் கிழக்குப் பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் தமிழ் ஆசிரியை. மொழிப் பாட நேரம் வந்தால் வகுப்பு பிரிந்துவிடும். ஹிந்தி படிப்பவர்கள் ஓர் அறைக்கும் உருது, தெலுங்கு, கிரியோல் படிப்பவர்கள் வேறு வேறு அறைகளுக்கும் போவார்கள். என்னிடம் வருவது பத்துப் பன்னிரண்டு பேர். வீட்டில் அவர்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல். தமிழ் கோயிலிலும் என் வகுப்பிலும்தான்.

சில வருடங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்புக்கு நியாயம் என்பதைப் பற்றி ஒரு பாடம் நடத்த நினைத்தேன். கையில் கிடைத்தது ஓர் ஆங்கிலப் பயிற்சித் தாள். ‘ஃபேர்’ என்ற ஒரே சொல்லை வைத்துச் சந்தைத் திருவிழாவையும் நியாயத்தையும் இணைத்திருந்தார்கள். ராட்டினம், பஞ்சுமிட்டாய், பரிசுக் கடை எல்லாம் படமாக இருந்தன. அடியில் ‘எது நியாயம், எது நியாயமில்லை’ என்று கோடிட்ட இடங்கள். ராத்திரி உட்கார்ந்து முழுவதையும் தமிழாக்கினேன். வகுப்பில் அது எடுபடவே இல்லை. ஆங்கிலத்திலேயே அவை இரண்டு தனித்தனிச் சொற்கள். சந்தையைக் குறிப்பது விழா நாளைச் சொல்லும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, நியாயத்தைக் குறிப்பது அழகைச் சொல்லும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. காலப்போக்கில் ஓசை ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். தமிழுக்கு வந்தால் அந்த ஓசையும் இல்லை. பிள்ளைகள் கோடிட்ட இடங்களை மளமளவென்று நிரப்பிக் கொடுத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். எல்லா விடையும் சரி. ஆனால் யாரும் எதையும் யோசிக்கவில்லை.

அப்புறம்தான் அவர்களுடைய சந்தையையே வகுப்புக்குக் கொண்டுவரலாம் என்று தோன்றியது. இங்கே ‘லாஃபுவார்’, அதாவது சந்தை, என்றாலே பிள்ளைகளுக்கு நாள் கணக்குத் தெரியும். காத்ர் போர்னில் வியாழனும் ஞாயிறும் துணிச் சந்தை, புதனும் சனியும் காய்கறி. மஹேபூரில் திங்கள். எங்கள் பக்கத்து ஃப்ளாக்கில் ஞாயிறு.

அட்டையில் காய்கறிப் படங்கள் வெட்டினோம். பெயர் எழுதும்போது ஒரு சின்ன ஆச்சரியம். கிரியோலில் ‘ப்ரெத் முரும்’ என்று அவர்கள் சொல்வது நம் முருங்கைக்கீரை. ‘கரிபுலே’ கறிவேப்பிலை, ‘கொத்தொமிலி’ கொத்தமல்லி, ‘பிபாங்காய்’ பீர்க்கங்காய். தமிழே தெரியாது என்று வெட்கப்பட்ட ஒரு பையன், “மிஸ், அப்ப எங்க பக்கத்து வீட்டு சீனக்காரரும் தமிழ் பேசுறாரா?” என்று கேட்டான். அன்று முழுக்க அந்தக் கேள்வி என் மனதில் இனித்துக்கொண்டிருந்தது.

விற்பவர் பாதி, வாங்குபவர் பாதி என்று பிரித்தேன். வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப அட்டையும் காகிதத்தில் வரைந்த நூறு ரூபாயும் கொடுத்தேன். எல்லோருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டோம், பிரச்சினை இல்லை என்று நினைத்திருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, “பா ஸிஸ், மிஸ்!” (நியாயமில்லை, மிஸ்!) என்று ஒரு குரல். அவள் அட்டையில் ஏழு பேர், பக்கத்திலிருப்பவன் அட்டையில் இரண்டு பேர். “அவனுக்கும் நூறு, எனக்கும் நூறா?” சமம் வேறு, நியாயம் வேறு என்று நான் பலகையில் எழுதி விளக்க வைத்திருந்த பாடத்தை அவள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

தராசு நாங்களே செய்ததுதான். ஒரு மர அடிக்கோல், இரண்டு காலித் தயிர்க் கிண்ணங்கள், நூல். மூன்றாம் நாள் ஒரு விற்பனைக்காரன் எடை வைக்கும் கிண்ணத்தின் அடியில் களிமண் ஒட்டினால்தான் லாபம் என்று தப்பாக நினைத்திருந்தான், ஆனால் கிண்ணம் மாறிப்போய் காய் வைக்கும் கிண்ணத்தின் அடியில் ஒட்டிவிட்டான். காயைக் குறைவாகப் போட்டாலும் தட்டு தாழ்ந்ததைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்தது ஃப்ளாக் சந்தையில் பாட்டியோடு கீரை விற்கும் சிறுமி. படிப்பில் பின்தங்கியவள் என்று எல்லோரும் ஒதுக்கி வைத்த பிள்ளை. அவள் சத்தம் போடவில்லை. “காயையும் எடையையும் மாற்றி வை” என்றாள். காய் இருந்த இடத்தில் எடையும், எடை இருந்த இடத்தில் காயும் போயின. நேர்மையான தராசு என்றால் மாற்றி வைத்தாலும் கோல் நேராகவே நிற்கும். இது ஒரு பக்கமாகச் சரிந்தது. “எங்க பாட்டிகிட்ட சந்தேகப்படுறவங்களுக்கு அவங்களே இப்படி மாத்திக் காட்டுவாங்க” என்றாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது.

அந்த மாணவர்கள் அதற்கு முந்தைய பருவத்தில்தான் திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்திலிருந்து 118-ஆம் குறளை மனப்பாடம் செய்திருந்தார்கள். சீர்தூக்கும் கோலை உவமையாகச் சொல்லும் குறள் அது. பிசகாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் கோல் என்றால் என்ன, அது ‘ஒருபால்’ கோடுவது, அதாவது ஒரு பக்கம் சாய்வது, என்றால் என்ன என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தார்கள். அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் வாணிகத்தைப் பற்றிப் பேசுவது ஏன் என்று இப்போது நான் அவர்களைக் கேட்க முடியும்.

பையனைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் வேறு சண்டை வந்துவிட்டது. எடை போட்ட பிறகு அந்தக் கீரைக்காரச் சிறுமியின் பாட்டி கூடுதலாக ஒரு பிடி கொத்தமல்லி போடுவாராம். வகுப்பிலும் அவள் அப்படியே செய்தாள், ஆனால் தோழிகளுக்கு மட்டும். அதற்கான சொல்லைப் பலகையில் எழுதினேன்: கொசுறு. இது நியாயமா? தெரிந்தவருக்குக் கொசுறு, தெரியாதவருக்கு இல்லை என்றால்? “அது அவங்க பொருள், இஷ்டம்போல கொடுக்கலாம்” என்றார்கள் சிலர். “எடையில ஏமாத்தல, அப்புறம் என்ன?” என்றான் களிமண் ஒட்டியவன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. கொசுறைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு முடிவு இல்லை. நான் வாங்கப் போகும்போது பாட்டி எனக்கு அள்ளிப் போடுகிறார், பின்னால் நிற்கும் அந்நியருக்குப் போடுவதில்லை. அந்த நேரத்தில் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வருவதில்லை.

காகித நோட்டு கிழிந்துபோனபோது, நிஜ நூறு ரூபாயைப் பார்த்து வரையலாம் என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதிலிருப்பவர் இந்நாட்டு அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன், நம்மவர் என்றதும் நோட்டு கைக்குக் கை மாறியது. ஒருத்தி தமிழ் எழுத்தைத் தடவிப் பார்த்து, “ஏன் மிஸ் ஹிந்திக்கு மேல தமிழ் இருக்கு?” என்றாள்.

1998-இல் வந்த புதிய நோட்டுகளில் அந்த வரிசை மாறியிருந்தது. ஹிந்தி மேலே, தமிழ் கீழே. தமிழர்கள் இந்தத் தீவுக்கு முன்னதாக வந்தவர்கள், பழைய வரிசையை ஏன் மாற்ற வேண்டும் என்று எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே புதிதாக அச்சிட்டார்கள். அப்போது நான் கொலேஜில், அதாவது உயர்நிலைப் பள்ளியில், படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பெரியவர்கள் எவ்வளவு காயப்பட்டிருந்தார்கள் என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வரிதானே என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும். அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன்.

களிமண் பையன் சுவரைக் காட்டினான். அந்தப் பக்கம் ஹிந்தி வகுப்பு, அவனுடைய உயிர் நண்பன் அங்கேதான் இருந்தான். “அவனுக்கு இது நியாயமா இருக்குமா, மிஸ்?” என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. “நீயே அவனிடம் கேள், அவன் சொல்வதை நாளைக்கு வந்து சொல்” என்றேன். மறுநாள் வந்து, “முதல்ல வந்தவங்க முதல்ல நிக்கலாம்னு சொல்றான், ஆனா எப்பவுமேவான்னு கேக்கறான்” என்றான். அந்த இரண்டு பாதிகளையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். வருட முடிவு வரை அது அங்கேயே இருந்தது.

கோடிட்ட இடங்களை நிரப்பும் தாளை நான் பிறகு எடுக்கவே இல்லை. தராசு மட்டும் அலமாரியில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிய வகுப்பு வந்ததும் அதை எடுத்து, காய்க் கிண்ணத்தின் அடியில் நானே ஒரு துண்டுக் களிமண்ணை ஒட்டிவிட்டு எதுவும் சொல்லாமல் மேசையில் வைக்கிறேன். போன வருடப் பிள்ளைகள் காயையும் எடையையும் மாற்றிப் பார்க்க மூன்று வாரம் ஆனது.