ஒரே கண்ணாடி, இரண்டு வடிவம்: பிளாஸ்டிங் பெட்டியில் அரிப்புத் தேய்மானம்

சின்ன சாண்ட்பிளாஸ்டிங் பெட்டியில் (காற்றழுத்தத்தால் துகள்களைப் பீய்ச்சி அடித்துப் பரப்பைச் சுரண்டுகிற பெட்டி) துரு எடுக்கிற வேலை ஓரளவு கைவந்த பிறகு, எந்தத் துகள் எவ்வளவு அரிக்கிறது என்று எடைபோட்டே பார்த்துவிடலாம் என இறங்கினேன். பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. துகள் பீய்ச்சும் குழல்முனையான நாசிலை கிளாம்ப் போட்டு நிறுத்தியாயிற்று, தூரமும் காற்றழுத்தமும் மாறாது, ஒவ்வொரு தடவையும் கொட்டுகிற துகளின் எடையும் ஒன்றே. தகட்டை முன்னும் பின்னும் மில்லிகிராம் தராசில் வைத்தால் எவ்வளவு போயிற்று என்று தெரிந்துவிடும். ஆய்வுக்கூடங்களில் இதற்கென்றே ஏஎஸ்டிஎம் ஜி76 என்ற தரமுறை இருக்கிறது: 50 மைக்ரான் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) துகள், நொடிக்கு 30 மீட்டர் வேகம், நிமிடத்துக்கு 2 கிராம். என்னிடம் துகளின் வேகத்தை அளக்க வழியில்லை, ஆகவே என் எண்களை என் எண்களோடு மட்டும்தான் ஒப்பிடுகிறேன்.

முதலில் கடினம். கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் அலுமினா 9, சிலிக்கன் கார்பைடு அதைவிடக் கொஞ்சம் மேலே. மைல்டு ஸ்டீல் தகட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. துகள் பரப்பைவிட ஏறக்குறைய 1.2 மடங்கு கடினமாக இருந்தால் போதும், அதற்கு மேல் கூடுகிற கடினத்தால் லாபம் குறைவு என்று சொல்வார்கள். இங்கே இரண்டுமே அந்த எல்லையை எப்போதோ தாண்டியவை.

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை அடுத்தது. உருண்டையான கண்ணாடி மணிகளை எடுத்து, அதே சல்லடை அளவில் உடைத்த கண்ணாடியையும் எடுத்தேன். ஒரே வகைக் கண்ணாடி, கிட்டத்தட்ட ஒரே கடினம், ஒரே அளவு, வடிவம் மட்டும் வேறு. மணி அடித்த ஸ்டீல் தகட்டில் எடை இறங்கவே யோசித்தது; லென்ஸில் பார்த்தால் பரப்பு முழுக்க மழுங்கிய குழிகள், குழியின் ஓரத்தில் உலோகம் மேடு கட்டி நிற்கிறது, ஆனால் பிய்ந்து போகவில்லை. உடைந்த கண்ணாடி பட்ட தகட்டில் குறுகிய கீறல்கள், கீறல் முடிகிற இடத்தில் சுருண்ட விளிம்பு, எடை இழப்போ பல மடங்கு. ஒன்று சுத்தியல், இன்னொன்று உளி. துகளை வாங்கும்போது கடினத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இதை ஒரு தடவை செய்து பார்க்கலாம். (முகக்கவசம் கட்டாயம். ஆற்று மணலை மட்டும் உள்ளே விடவே வேண்டாம், அதன் தூசி நுரையீரலில் சிலிக்கோசிஸ் கொண்டுவரும்.)

துகள் பரப்பில் வந்து மோதும் சாய்வுக் கோணத்தை மாற்றினால் கதை பொருளைப் பொறுத்துத் திரும்புகிறது. ஸ்டீல், அலுமினியம் போன்றவை 20, 30 பாகைச் சாய்வில்தான் அதிகம் இழக்கின்றன, துகள் சீவிக்கொண்டு போவதால். ஜன்னல் கண்ணாடி நேர்மாறு. 90 பாகையில் நேராக அடி விழும்போது விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. ஒரு வேடிக்கை: மெத்தென்ற அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடை நேராக அடித்ததும் முதல் எடையில் தகடு கனத்திருந்தது! லென்ஸில் கறுப்புப் புள்ளிகள். துகள்கள் உள்ளேயே குத்திக்கொண்டு நிற்கின்றன. தொடர்ந்து அடித்த பிறகுதான் எடை இறங்கத் தொடங்கியது.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பொடித் துகளில் அரிப்பு குறைகிறது, உலோகத்தில் சுமார் 100 மைக்ரானுக்கு மேல் போனால் கிராமுக்குக் கிராம் பெரிதாகக் கூடுவதில்லை. மிக நுண்ணிய தூள் காற்றோடு சேர்ந்து வளைந்து ஓடிவிடுவதும் ஒரு காரணம்.

அப்புறம் மறுபயன்பாடு. கார்னெட் என்ற கனிமத் துகள் திரும்பத் திரும்ப ஓடினால் பொடிந்து சிறுத்து, அரிக்கிற வேகம் குறைகிறது. கண்ணாடி மணி தலைகீழ்: உடைய உடைய கூர்முனைகள் சேர்ந்து, வழவழப்பாக மினுங்க வேண்டிய பரப்பில் கீறல் விழ ஆரம்பிக்கிறது. இப்போது மணிகளை அவ்வப்போது சல்லடையில் போட்டு உடைசல்களைத் தனியாக எடுத்துவிடுகிறேன்.

அடுத்து 10 பாகைக்கு ஒரு தடவை அடித்து முழு வளைவரையையும் போட வேண்டும். ஆனால் அலுமினா ஓடி ஓடி நாசில் துளையே அகலமாகிவிட்டது, கம்ப்ரசர் அழுத்தத்தைப் பிடித்து வைக்கத் திணறுகிறது. போரான் கார்பைடு நாசில் ஒன்று மாட்டிய பிறகு தொடர்கிறேன்.