ஓடினாள்... ஓடினாள்...

இன்று காலை மட்டக்களப்பு கல்லடியில் பஸ்ஸுக்கு நின்றேன். பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். பக்கத்தில் நின்ற பெடியன்கள் "ஓடினாள்... ஓடினாள்... வாழ்க்கையின் ஓரத்திற்கே ஓடினாள்" என்று ஒரே பகிடி. அவளும் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டாள்.

எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

1952இல் வந்த 'பராசக்தி'யில் கருணாநிதி எழுதிய வசனம் அது. சிவாஜிக்கு முதல் படம். நீதிமன்றக் கூண்டில் நின்று ஓர் அண்ணன் தன் தங்கையைப் பற்றிச் சொல்கிறான். கணவனை இழந்து, கைக்குழந்தையோடு பசியில் அலைந்து, போன இடமெல்லாம் ஆண்களின் தொல்லை தாங்காமல், கடைசியில் பெற்ற பிள்ளையையே ஆற்றில் எறிந்துவிட்டுத் தானும் சாகத் துணிந்தவள். அந்த ஓட்டம்தான் இது.

'நாயகன்' படத்தில் பேரன் கேட்கும் "நீங்க நல்லவரா, கெட்டவரா?"வுக்கும் இதே கதிதான். சரி, அதையாவது விடலாம்.

இதை என்னால் விட முடியவில்லை. அந்தக் காட்சி டிவியில் வந்தால் அம்மம்மா வீட்டில் யாரும் கதைக்கக் கூடாது. யுத்தப் பிரச்சினைக் காலத்தில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாவி கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக்கு ஓடியவர் அவர். சின்ன வயதில் ஒருநாள் அந்த வசனத்தை நானும் இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரித்தேன். அவர் ஏசவில்லை. "ஓடினவளுக்குத்தான் மனே அது விளங்கும்" என்றார், அவ்வளவுதான்.

இன்றிரவு தம்பியின் மகனைப் பக்கத்தில் இருத்தி, அந்த நீதிமன்றக் காட்சியை முழுசாகப் போட்டுக் காட்டப் போகிறேன்.