பாதுகாப்பு உத்தரவு கைக்கு வந்த பிறகு

முதல் தடவை புகார் கொடுக்கப் போனபோது என் இடது கை வீங்கி, வளையலைக் கழற்ற முடியாமல் இருந்தது. ஸ்டேஷனில் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டு, என்னை அடித்த என் கணவரையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிட்டார்கள். "அடிச்சவனை ஏன் புடிக்கல?" என்று அம்மா அங்கேயே அழுதார்.

கணவன் கொடுமைக்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு. 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் ஏழு வருடம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் கைது ஏன் தேவை என்று போலீஸ் எழுதிவைக்க வேண்டும், இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்தால் போதும். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சரி, அது நியாயம்தான். ஆனால் எனக்கு வழக்கே பதியவில்லையே!

பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்தேன். தர்மபுரி கலெக்டர் ஆபீஸில் சமூக நல அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே பாதுகாப்பு அலுவலர் மேடம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கேட்டு எழுதினார். எனக்குத் தேதிகள் நினைவில்லை. "தேதி வேண்டாம்மா, அன்னைக்கு என்ன விசேஷம், அதைச் சொல்லு" என்றார். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய்வந்த மறுநாள் என்றேன். காலண்டரைப் புரட்டித் தேதியை அவரே போட்டுக்கொண்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரை நான் மறக்க மாட்டேன்.

கோர்ட்டில் மனு போட்டால் மூன்று நாளில் முதல் விசாரணை என்கிறது 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். எனக்கு மூன்று வாரம் ஆனது. நான் இருக்கும் என் அம்மா வீட்டுப் பக்கம் என் கணவர் வரக்கூடாது, போன் செய்யக்கூடாது என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. உத்தரவின் நகலுக்குக் காசு கிடையாது. "இதை மீறினா அதே சட்டத்துல 31ஆம் பிரிவு. ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லைன்னா 20,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும்கூட உண்டு. வாரண்ட் வேண்டியதில்லை" என்றார் மேடம்.

இரண்டே மாதத்தில் ஒரு ராத்திரி என் கணவர் வந்து கதவை உதைத்தார். வந்த போலீஸ்காரர், "காலையில ஸ்டேஷனுக்கு வாங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தார். அரிசி டிரம்முக்குள் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த உத்தரவை எடுத்து நீட்டினேன். செல்போன் வெளிச்சத்தில் இரண்டு தடவை படித்தார். அப்புறம் எஸ்.ஐ.க்குப் போன் போட்டார். அன்றைக்கே கைது. மறுபடியும் இதே குற்றத்தைச் செய்யாமல் தடுக்க என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

மறுநாள் ஐந்து ஜெராக்ஸ் எடுத்தேன். ஒன்று பக்கத்து வீட்டு அக்காவிடம், ஒன்று எப்போதும் என் பையில்.