ஏற்கவில்லை என்ற கட்டம்

"அப்ப இந்த இறால் குட்டைக்காரங்க மேல தப்பே இல்லைங்கிறீங்களா தம்பி?"

கூட்டம் முடிகிற நேரத்தில் அந்த அக்கா எழுந்து கேட்டார். கடல்மட்டம் உயர்வதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியிருந்தேன். 1901இலிருந்து 2018க்குள் 20 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு சாண் என்று கையை விரித்துக் காட்டினேன். 2006இலிருந்து 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்றேன். உப்பு ஏறிய நிலத்தடி நீரின் படத்தையும் போட்டேன். இறால் குட்டை என்ற சொல் மட்டும் என் பேச்சில் ஓரிடத்திலும் வரவில்லை.

"நான் சொல்றது உலகம் முழுக்க நடக்கிறது, அக்கா" என்றேன்.

"எங்க பம்புல உப்பு ஏறினதும் உலகம் முழுக்கவா?"

நான் வாய் திறப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். கலைகிறபோது பின்வரிசையில் நின்ற குட்டை உரிமையாளர் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா சொன்னீங்க சார். எதுக்கெடுத்தாலும் எங்களையே சொல்வாங்க." நான் நன்றி சொன்னேன். அந்த நன்றிதான் இன்னும் உறுத்துகிறது.

அன்று மாலை, கூட்டத்துக்கு வந்தவர்களைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் படிவத்தை நிரப்பினேன். 'பருவநிலை மாற்றத்தை ஏற்கிறார்', 'ஏற்கவில்லை' என்று இரண்டே கட்டங்கள். அக்காவுக்கு இரண்டாவதில் டிக் போட்டேன்.

நான் பொய் சொல்லவில்லை. கடல் ஏறுவது உண்மை. குட்டைகளைப் பற்றிப் பேசினால் அடுத்த முறை சமுதாயக் கூடத்தின் சாவி கிடைக்காது என்பதும் உண்மை. சாவி இல்லாமல் யாரிடம் போய்ப் பேசுவது? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சொல்லாமல் விட்டதும் அவர் கேள்விக்கு ஒரு பதில்தானே. 'தப்பு இல்லை' என்றுதான் அது அவர் காதில் விழுந்திருக்கும்.

ஒரு குடம் தண்ணீரில் எது யார் போட்ட உப்பு என்று என்னால் பிரிக்க முடியாது. கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. ஆழ்குழாய்கள் நல்ல நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் அந்த இடத்துக்கு நகர்கிறது. குட்டையில் தேக்கிய உப்புநீர் பக்கத்து வயலுக்குக் கசிகிறது. 2004இல் சுனாமி வயல்களுக்குள் வந்து போனது. இத்தனைக்கும் மேலேதான் அந்த ஒரு சாண். ஒன்று இன்னொன்றை மோசமாக்குகிறது. நாற்பது நிமிடத்தில் இதைச் சொல்லியிருக்கலாம்.

நாகை மாவட்டத்தில் இந்தச் சண்டை பழையது. காந்தியவாதித் தம்பதியான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் மக்களைத் திரட்டி இறால் பண்ணைகளை எதிர்த்தார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வந்தது. அக்காவுக்கு அப்போது இருபது வயதுக்கு மேல் இருக்கும். அந்தப் போராட்டத்தில் அவரும் உட்கார்ந்திருந்தாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. தெரியாதவர்களுக்குத் தெரிவிக்கப் போகிறோம் என்றுதான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து வேறொரு ஊரில் பேச்சை மாற்றினேன். குட்டைகளிலிருந்து தொடங்கினேன். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பாதியிலேயே ஓர் இளைஞர், "அப்ப குட்டையை மூடினா சரியாயிடும், கடல் கதையெல்லாம் எதுக்கு?" என்றார். பலர் தலையாட்டினார்கள். இல்லை, கடலும் வருகிறது என்று நான் சொல்லத் தொடங்கியபோது பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முதல் ஊரில் குட்டைக்காரர் நிம்மதியாக வீடு போனார். இங்கே ஊரே நிம்மதியாகப் போனது. எது பெரிய தவறு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் வாக்கியத்தை வண்டி ஓட்டும்போதெல்லாம் அடுக்கிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

படிவம் தலைமை அலுவலகம் போய்விட்டது, இனித் திருத்த முடியாது. அடுத்த மாதம் அந்த முதல் ஊருக்கு மறுபடி போகிறேன். கூட்டத்துக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போய் அந்தப் பம்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். அன்று மேசையில் எனக்கென்று கேன் தண்ணீர் வைத்திருந்தார்கள், அதைத்தான் குடித்தேன்.