நடந்து நடந்து தேய்ந்த செருப்பு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருக்காரர்கள் ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம் வருவது வழக்கம். சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பையன், ஓர் அலுவலகத்துக்குத் தானே எழுதிய மனுவைத் திருத்தக் கொண்டுவந்தான். முதல் வரி, ‘ஹேவிங் கான் ஃபைவ் டைம்ஸ், த ஃபைல் வாஸ் நாட் ஃபவுண்ட்’ என்றிருந்தது. ஐந்து முறை அலைந்தவன் அவன். அந்த வாக்கியத்தின்படி அலைந்ததோ ஃபைல்!

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது’ என்று நாம் கூசாமல் சொல்கிறோம். நடந்தவர் ஒருவர், தேய்ந்தது வேறொன்று. எங்கள் ஊர் மலையாளிகளும் ‘நடந்நு நடந்நு’ என்று அப்படியே சொல்வார்கள். இத்தனைக்கும், ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் (‘நடந்து’, ‘போய்’ போல முற்றுப்பெறாத வினை) தன் வினைமுதலின், அதாவது அதைச் செய்தவரின், வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. ஆங்கில ஆசிரியர்கள் ‘ஹேவிங்’ தொடருக்குச் சொல்லும் விதியும் ஏறக்குறைய அதுதான். நம் வழக்கு அதைத் தளர்த்திக்கொண்டது. ஆங்கில எழுத்து நடை இன்னமும் கண்டிப்பாக இருக்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ‘போய்ப் போய்’ என்று எச்சத்தை இரட்டித்தாலே, பலமுறை போனதும் அதன் சலிப்பும் சேர்ந்து வந்துவிடுகின்றன. ‘ஹேவிங்’ தொடரோ, முதன்மை வினைக்கு முன்பே ஒரு செயல் முடிந்துவிட்டது என்பதை மட்டுமே சொல்லும். எத்தனை முறை என்பதை ‘ஃபைவ் டைம்ஸ்’, ‘ரிப்பீட்டட்லி’ போன்ற சொற்கள்தாம் சுமக்க வேண்டும், அவற்றை விட்டுவிட்டால் ஒரே முறை போனதாகத்தான் பெரும்பாலும் படும். அன்றாடப் பழக்கமானால் அந்தச் சுமை முதன்மை வினைப் பக்கம் போய்விடும்: ‘ஹேவிங் மில்க்ட் த கௌஸ், ஷீ கோஸ் டு த சொசைட்டி எவ்ரி மார்னிங்’ என்பதில், கறவை நாள்தோறும் நடக்கிறது என்பதை நமக்குத் தெரிவிப்பவை ‘கோஸ்’, ‘எவ்ரி மார்னிங்’ ஆகிய இரண்டுமே.

ஆகவே மனுவின் முதல் வரியை, ‘ஹேவிங் விசிட்டட் த ஆபீஸ் ஃபைவ் டைம்ஸ், ஐ ஹேவ் ஸ்டில் நாட் ரிசீவ்ட் எனி ரிப்ளை’ என்று மாற்றினோம். கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை போய்வர நேர்ந்ததால், ‘ஃபைவ்’ என்பதை அவனே ‘சிக்ஸ்’ என்று திருத்திக்கொண்டான்.